நாயகன் வராத படப்பிடிப்பு

ஷாட், லுக், சஜஷன், மேட், ஆர்.ஆர். – படப்பிடிப்புத் தளங்களில் நாள்தோறும் புழங்கும் இந்தச் சொற்களுக்குப் பின்னால் கறாரான விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளை மட்டுமே நம்பி ஹைதராபாத்தில் ஓர் ஈ கதாநாயகனாயிற்று.

நாயகனுக்கு வசனம் கிடையாது. முகபாவம் கிடையாது. கால்ஷீட் தகராறும் கிடையாது. படப்பிடிப்புக்கே அவர் வரவில்லை. 2011 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு நடந்த அந்தப் படப்பிடிப்பில் கன்னட நடிகர் சுதீப் வெற்றிடத்தைப் பார்த்து மிரண்டார், வெற்றிடத்தை நோக்கிக் கை ஓங்கினார், கடைசியில் வெற்றிடத்திடம் தோற்றும் போனார். 2012 ஜூலை 6 அன்று படம் தெலுங்கில் 'ஈகா' என்றும் தமிழில் 'நான் ஈ' என்றும் வெளிவந்தபோது அந்த வெற்றிடத்தில் ஓர் ஈ பறந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த தெலுங்குப் படம், சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் ஆகிய இரண்டையும் அது தட்டிச்சென்றது.

கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். தான் ஆசைப்பட்ட பெண் இன்னொருவனைக் காதலிப்பது பொறுக்காத பணக்காரன் அந்த இளைஞனைக் கொன்றுவிடுகிறான். செத்தவன் ஈயாகப் பிறந்து பழி தீர்க்கிறான். கதாசிரியர் வி. விஜயேந்திர பிரசாத் 1990களில் விளையாட்டாகச் சொன்ன கற்பனை இது. அவருடைய மகன் எஸ்.எஸ். ராஜமௌலி, 'மகதீரா'வின் பெருவெற்றிக்கும் 'மரியாத ராமண்ணா'வுக்கும் பிறகு இதைக் கையில் எடுத்தார். துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். ஈயைக் கண்டால் மனிதன் செய்வது ஒன்றுதான்: விரட்டுவான். அந்த ஈ அடிபடும்போது ரசிகன் பதறாவிட்டால், அது ஜெயிக்கும்போது கைதட்டாவிட்டால், போட்ட பணம் கோவிந்தா.

ஈயை வரைந்தது கம்ப்யூட்டர். அதைக் கதாநாயகன் என்று ரசிகனை நம்பவைத்த வேலையைச் செய்தவை பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கு மிகவும் முற்பட்ட விதிகள். எவ்வளவு அருகே போவது, எந்தப் பக்கம் பார்ப்பது, எங்கே வெட்டுவது, எப்போது சத்தம் கொடுப்பது என்பவை அந்த விதிகள். நட்சத்திரத்தின் புன்னகையும் பஞ்ச் டயலாக்கும் துணைக்கு இருக்கும் படங்களில் இந்த விதிகள் கண்ணில் படுவதில்லை. நாயகனே இல்லாத படத்தில் அவை துலக்கமாகத் தெரிகின்றன.

சென்னையிலிருந்து போன பாஷை

ஹைதராபாத்தின் ஃபிலிம் நகரிலோ, துணை நடிகர்களும் தொழில்நுட்ப உதவியாளர்களும் நிறைந்த கிருஷ்ணா நகரிலோ காது கொடுத்துக் கேட்டால் ஒரு தமிழர் அன்னியமாக உணர மாட்டார். கோடம்பாக்கத்தில் கேட்கும் அதே சொற்கள்தான் அங்கும். காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. எச்.எம். ரெட்டி இயக்கி 1931-ல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலித்தன. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் தெலுங்குப் படவுலகின் தலைநகரம் சென்னைதான். கே.வி. ரெட்டியின் 'மாயாபஜார்' 1957-ல் இரு மொழிகளிலும் உருவானதும் சென்னை விஜயா-வாஹினியில்தான்.

ஹைதராபாத் அமீர்பேட்டையில் 1950களின் பிற்பகுதியில் சாரதி ஸ்டுடியோ எழுந்தது. 1976-ல் நடிகர் அக்கினேனி நாகேஸ்வர ராவின் அன்னபூர்ணா ஸ்டுடியோ திறக்கப்பட்டது. கலைஞர்களும் தொழிலாளர்களும் படிப்படியாக இடம்பெயர்ந்தார்கள். 1996-ல் நகருக்கு வெளியே ராமோஜி ஃபிலிம் சிட்டி வந்தது. உலகின் மிகப் பெரிய ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. இடம் மாறியவர்கள் கேமராவையும் விளக்குகளையும் மட்டும் கொண்டுபோகவில்லை, தொழில் பாஷையையும் மூட்டை கட்டி எடுத்துப்போனார்கள்.

அந்தப் பாஷையில் சில சொற்கள் ஹாலிவுட்காரருக்கே புரியாது. ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரில் இருப்பவரைக் காட்டும் ஷாட்டுக்கு இங்கே 'சஜஷன்' என்று பெயர். முன்னால் தெரியும் தோளும் காதும் 'இவரும் இங்கே இருக்கிறார்' என்று குறிப்பால் உணர்த்துவதால் வந்த பெயராக இருக்கலாம். பின்னணி இசை சேர்ப்பதற்கு 'ஆர்.ஆர்.', அதாவது ரீரெக்கார்டிங். பாட்டும் சண்டையும் தவிர்த்த பகுதிக்கு 'டாக்கி போர்ஷன்' – பேசும் படம் புதுமையாக இருந்த காலத்தின் மிச்சம். தொழிலின் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துத் தெலுங்கில் '24 கிராஃப்ட்ஸ்' என்கிறார்கள்.

அருகே, இன்னும் அருகே

சினிமாவின் அரிச்சுவடி 'ஷாட்'. கேமரா ஓடத் தொடங்கி நிற்கும்வரை பதிவாகும் துண்டு அது. அதே துண்டைத் திரும்பத் திரும்ப எடுத்தால் ஒவ்வொரு முயற்சியும் ஒரு 'டேக்'. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்கும் ஷாட்களின் தொகுப்பு 'சீன்'. இதையெல்லாம் எழுதி ஷாட்டின் தலையில் காட்டும் பலகைதான் கிளாப் போர்டு.

மனிதர் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறார் என்பதை வைத்து ஷாட்டுக்குப் பெயர் வைக்கிறார்கள். இடமும் ஆளும் முழுதாகத் தெரிந்தால் 'லாங்'. இடுப்புக்கு மேல் என்றால் 'மிட்'. முகம் திரையை நிறைத்தால் 'குளோஸ்'. நெற்றியையும் முகவாயையும் வெட்டிக் கண்ணை மட்டும் பிடித்தால் 'டைட் குளோஸ்'. தூரத்தைக் குறைக்கக் குறைக்க ரசிகனின் உறவு நெருங்குகிறது. லாங் ஷாட்டில் விழுபவரைப் பார்த்துச் சிரிக்கலாம். அதே விழுதலைக் குளோஸில் காட்டினால் வலிக்கும்.

ஈயின் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. மனிதருக்கு மிட் ஷாட் வைத்தால் அதில் ஈ ஒரு புள்ளி. ஈக்குக் குளோஸ் வைத்தால் மனிதர் வெறும் தோல் பரப்பு. இரண்டு பாத்திரங்களையும் சமமாக ஒரு சட்டத்துக்குள் நிறுத்தவே முடியாது. இதற்கு விடை 'பாயிண்ட் ஆஃப் வியூ' ஷாட், அதாவது பாத்திரத்தின் கண்ணாகவே கேமராவை மாற்றுவது. ஈ இருக்கும் உயரத்தில் கேமராவை வைத்து 'லோ ஆங்கிளில்' மேலே பார்த்தால் சுதீப்பின் உள்ளங்கை இடிந்து விழும் கூரை. அதே கையை மேலிருந்து 'டாப் ஆங்கிளில்' எடுத்தால் அற்பப் பூச்சியை விரட்டும் எரிச்சல். கேமரா தாழ்ந்த அந்த நொடியில் ரசிகன் கட்சி மாறிவிடுகிறான்.

லென்ஸும் கதை சொல்கிறது. 'வைட்' லென்ஸ் அருகில் இருப்பதைப் பூதமாக்கி, தூரத்தில் இருப்பதைக் கடுகாக்கும். 'டெலி' லென்ஸ் இடைவெளியைச் சுருக்கி முன்னாலிருப்பதையும் பின்னாலிருப்பதையும் ஒட்டவைக்கும். பூச்சிகளை எடுக்கப் பயன்படும் 'மேக்ரோ' லென்ஸில் தெளிவாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கலங்கிவிடும். இந்த ஆழத்துக்கு 'டெப்த் ஆஃப் ஃபீல்ட்' என்று பெயர். கம்ப்யூட்டர் ஈயை அங்குலம் அங்குலமாகத் தெளிவாக வரைய முடியும். ஆனால் பின்னால் இருக்கும் மேசை கலங்காமல் இருந்தால் கண் நம்பாது. பொய் மெய்யாகத் தெரிய வேண்டுமானால் லென்ஸின் குறையையும் சேர்த்தே வரைய வேண்டும்.

கண் போன போக்கு

'லுக் தப்பு, ஒன் மோர்!' படப்பிடிப்பில் அடிக்கடி கேட்கும் கூக்குரல் இது. இருவர் பேசும் காட்சியில் ஒருவர் திரையின் வலப்பக்கம் பார்த்தால் மற்றவர் இடப்பக்கம் பார்க்க வேண்டும். தனித்தனியாக, வேறு வேறு நாளில் எடுத்த குளோஸ்களாக இருந்தாலும் அடுத்தடுத்து ஒட்டினால் எதிரெதிரே நிற்பதாக ரசிகன் எடுத்துக்கொள்வான். லுக் மாறினால் இருவரும் மூன்றாவது ஆளைப் பார்ப்பது போல ஆகிவிடும்.

இந்த விதியின் வேர் 'இமேஜினரி லைன்' எனப்படும் கற்பனைக் கோடு. பேசும் இருவரையும் இணைத்து ஒரு கோடு போட்டுக்கொண்டால் கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும்; தாண்டக் கூடாது. தோல்பாவைக் கூத்தில் இராமன் ஒரு பக்கமும் இராவணன் எதிர்ப்பக்கமும் நின்று பொருதுகிறார்கள். பார்வையாளர் திரைக்கு ஒரே பக்கத்தில் இருப்பதால் குழப்பமில்லை. பாதிப் போரில் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் இராமன் இருந்த இடத்தில் இராவணன் நிற்பான். டி.வி.யில் கபடி பார்ப்பவருக்கும் இது விளங்கும்: கேமரா எதிர்ப்பக்கத்துக்குத் தாவிவிட்டால் ரெய்டு போனவர் தன் அணியை நோக்கியே பாய்வது போலத் தெரியும்.

எதிரில் ஆளே இல்லாத சுதீப்புக்கு இது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார்க்கலாம். மனிதக் கண்கள் பார்க்கும் பொருளின் தூரத்துக்கு ஏற்ப உட்பக்கம் குவியும். மூக்கின் முன்னால் பறக்கும் ஈயைப் பார்க்கும் கண்ணும் சுவரில் உட்கார்ந்த ஈயைப் பார்க்கும் கண்ணும் ஒன்றல்ல. இப்படிப்பட்ட காட்சிகளில் குச்சியின் நுனியில் சிறு உருண்டையைக் கட்டிப் பார்வைப் புள்ளி காட்டுவது தொழில் வழக்கம். அதைப் பார்த்துப் பழகிய பிறகு, குச்சி இல்லாமல் அதே இடத்தை அதே வேகத்தில் கண் தொடர வேண்டும். தூங்க விடாமல் ஈ படுத்தும் இரவுக் காட்சியிலும், நீராவிப் பெட்டிக்குள் உடல் மாட்டித் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காட்சியிலும் ஈயைப் பார்க்கவைப்பது சுதீப்பின் கருவிழி. அது போகும் இடமெல்லாம் ரசிகனின் கண்ணும் போகிறது.

ஒருவர் நடிப்பில் இன்னொருவருக்கு உயிர் வருவது சினிமாவில் புதிதல்ல. ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் குளோஸை எடுத்துக்கொண்டு ஒரு முறை சூப் கிண்ணத்தோடும் இன்னொரு முறை சவப்பெட்டியோடும் ஒட்டினார். முகம் ஒன்றேதான், முதலாவதில் பசியையும் அடுத்ததில் துயரத்தையும் பார்த்தவர்கள் கண்டார்கள். இரண்டு ஷாட்களை ஒட்டும்போது, இரண்டிலும் இல்லாத அர்த்தம் ஒன்று ரசிகன் மனத்தில் பிறக்கிறது. இமையும் உதடும் இல்லாத ஈயின் கோபம் இப்படிப் பிறந்ததுதான். ஈ, அடுத்து கொலைகாரன், மீண்டும் ஈ: இடையில் ஈ எதுவும் செய்யாவிட்டாலும் அது கறுவிக்கொண்டிருக்கிறது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். மீதியை உடலசைவு பார்த்துக்கொண்டது. பிக்சார் நிறுவனம் 1986-ல் எடுத்த 'லக்ஸோ ஜூனியர்' என்ற குறும்படத்தில் நடித்தவை இரண்டு மேசை விளக்குகள். அவற்றுக்கும் முகம் கிடையாது. குனிவதும் நிமிர்வதும் துள்ளுவதுமே நடிப்பு.

நொடிக்கு இருபத்து நான்கு

சினிமா அசையும் படம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட பொய். நொடிக்கு 24 அசையாப் படங்கள் காட்டப்படுகின்றன; அசைவைச் செய்துகொள்வது மூளை. ஒவ்வொரு படத்துக்கும் 'ஃபிரேம்' என்று பெயர். இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 ஃபிரேம்கள் இருக்கும். ஃபிலிம் காலத்தில் 35 மி.மீ. சுருளின் ஓர் அடியில் 16 ஃபிரேம்கள். நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி டப்பா 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 'ஒன் மோர்' என்ற ஒவ்வொரு முறையும் தயாரிப்பாளரின் வயிற்றில் புளி கரைந்தது அதனால்தான்.

கேமராவை 24-க்குப் பதில் 48 ஃபிரேமில் ஓடவிட்டு வழக்கமான வேகத்தில் காட்டினால் அசைவு பாதி வேகத்தில் தெரியும். இதுதான் 'ஸ்லோ மோஷன்'. சின்னதைப் பெரிதாகக் காட்டவும் இந்த உத்திதான் கைகொடுக்கிறது. நிஜ அளவில் பதினாறில் ஒரு பங்கு மாதிரிக் கட்டடம் இடிவதை அப்படியே எடுத்தால் பொம்மை விழுவது போலிருக்கும். 16-ன் வர்க்கமூலம் 4. எனவே நாலு மடங்காக, 96 ஃபிரேமில் எடுத்தால் மாளிகை விழும் கனம் கிடைக்கும் என்பது மினியேச்சர் கலைஞர்களின் கணக்கு.

ஈ விஷயத்தில் இந்த உத்திக்கு இயற்கையின் சம்மதமும் உண்டு. மினுக்கும் ஒளியை மனிதக் கண் நொடிக்கு சுமார் 60 முறைவரைதான் தனித்தனியாகப் பிரித்தறியும். வீட்டு ஈயின் கண் சுமார் 250 முறைவரை பிரித்தறியும். தியேட்டரில் நமக்கு ஓடும் படம் ஈக்கு ஒவ்வொன்றாக மாறும் ஸ்லைடுகள். ஓங்கிய செய்தித்தாள் நம் கண்ணுக்கு மின்னல். ஈக்கு அது நிதானமாக இறங்கும் கதவு. ஈயின் பார்வையில் உலகம் மெதுவாக நகர்வதாகக் காட்டினால் அது அழகுக்காகச் செய்த ஜோடனை ஆகாது.

இறக்கைக்கு நேர் எதிரான சிக்கல். வீட்டு ஈ நொடிக்கு சுமார் 200 முறை இறக்கையடிக்கிறது. சாதாரணமாக ஒரு ஃபிரேம் பதிவாக நாற்பத்தெட்டில் ஒரு நொடி ஆகும். அதற்குள் இறக்கை நாலு முறை போய்வந்துவிடும். எனவே திரையில் இறக்கை தெரியக் கூடாது, ஒரு மங்கல்தான் தெரிய வேண்டும். 'மோஷன் பிளர்' எனப்படும் இந்த மங்கலை வேண்டுமென்றே சேர்க்காவிட்டால் ஈ ஒட்டவைத்த ஸ்டிக்கர் போல இருக்கும்.

மாஸ்க் முதல் மேட் வரை

இல்லாததை இருப்பதோடு சேர்ப்பது சினிமாவின் மிகப் பழைய ஆசை. எம்.ஜி.ஆர். காலத்து இரட்டை வேடங்களைப் பார்த்தவர்களுக்கு 'மாஸ்க்' ஷாட்டின் மகிமை தெரியும். லென்ஸின் முன் பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுப்பார்கள். ஃபிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னுக்குச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து மறு வேடத்தை எடுப்பார்கள். ஒரு நூலிழை பிசகினாலும் இரண்டு பாதியும் வீண். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி 'மாயாபஜார்' படத்தில் காட்டிய ஜாலங்களெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக் கைவேலை. கடோத்கஜனின் வாயை நோக்கித் தாமாகப் பறந்து வந்த லட்டுகளை இன்றைக்கும் குழந்தைகள் வாய் பிளந்து பார்க்கின்றன.

பிறகு வந்தது 'புளூ மேட்'. நடிகரை நீலத் துணியின் முன் நிறுத்தி எடுத்து, நீலத்தை மட்டும் நீக்கிவிட்டு வேறு பின்னணியைப் பொருத்துவது. மனிதத் தோலில் நீலம் மிகக் குறைவு என்பதால் அந்த நிறம். டிஜிட்டல் கேமராவின் சென்சாரில் பொதுவாகச் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொரு புள்ளி என்றால் பச்சைக்கு இரண்டு. பச்சையை அது துல்லியமாகப் பிடிக்கும். எனவே நீலத் துணி பச்சைத் துணியாயிற்று. 1995-ல் கோடி ராமகிருஷ்ணா இயக்கிய 'அம்மோரு', தமிழில் 'அம்மன்' என்று வந்து, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்ற சொல்லைக் கிராமத்து டென்ட் கொட்டகைகள்வரை கொண்டுபோயிற்று.

'நான் ஈ'யின் கிராஃபிக்ஸ் பொறுப்பு ஹைதராபாத்தின் மகுடா வி.எஃப்.எக்ஸ். நிறுவனத்துக்கு. மேற்பார்வை ஆர்.சி. கமலக்கண்ணனும் பீட் டிரேப்பரும். முதலில் உருவாக்கிக் காட்டிய ஈ ராஜமௌலிக்குத் திருப்தி தரவில்லை. படத்தையே கைவிட்டுவிடலாமா என்ற நிலை. தீர்வு நிஜ ஈயிடமிருந்து வந்தது. ஓர் ஈயைப் பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்து மயங்கவைத்து, மேக்ரோ லென்ஸில் நெருங்கிப் படமெடுத்தார்கள். அதன் முகத்தில் பார்வைக்கு இதமான சில மாற்றங்களைச் செய்து, களிமண்ணில் மாதிரி வடித்து, அதிலிருந்து கம்ப்யூட்டர் ஈ பிறந்தது.

அதற்கு முன்பே காகிதத்தில் பாதிப் படம் முடிந்தாக வேண்டும். ஒவ்வொரு ஷாட்டையும் சித்திரமாக வரைந்துகொள்வது 'ஸ்டோரிபோர்டு'. ஆளில்லாத சட்டத்தைக் கேமராமேன் எவ்வளவு நேரம் எடுப்பது, எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதற்கு அதுதான் ஜாதகம். படத்தொகுப்பாளரின் பாடு இன்னும் திண்டாட்டம். நடிகர் வந்து, பேசி, திரும்பிப் போவதைப் பார்த்து வெட்டிப் பழகியவர் வெறும் மேசையை மூன்று நொடி வைப்பதா, ஐந்து நொடி வைப்பதா என்று முடிவுசெய்ய வேண்டும். மூன்று நொடி என்றால் 72 ஃபிரேம். அவ்வளவுக்கும் ஈயை வரைந்து, ஒளி கொடுத்து, நிழல் விழச்செய்ய வேண்டும். அதிகப்படியான ஒவ்வொரு நொடியும் பணம்.

நிழல் என்பது சின்ன விஷயமல்ல. ஒளிப்பதிவாளர் கே.கே. செந்தில்குமார் வைத்த விளக்கு எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையிலிருந்து கம்ப்யூட்டர் ஈக்கும் வெளிச்சம் வர வேண்டும். இதற்காக ஷாட் முடிந்ததும் கண்ணாடி போலப் பளபளக்கும் உருண்டை ஒன்றை அதே இடத்தில் வைத்துப் படமெடுத்துக்கொள்வது வி.எஃப்.எக்ஸ். வழக்கம். தளத்தின் எல்லா விளக்குகளும் அதில் பிரதிபலிக்கும். அந்த உருண்டைதான் விளக்குகளின் வரைபடம்.

உதடு ஒட்டும் எழுத்து

படமும் ஒலியும் தனித்தனியாகப் பதிவாகின்றன. பின்னால் இரண்டையும் சேர்க்க ஓர் அடையாளம் வேண்டும். கிளாப் பலகையின் கட்டைகள் மோதும் ஃபிரேமையும் 'டப்' என்ற சத்தத்தையும் ஒன்றாக்கினால் மீதி தானே பொருந்திவிடும். தமிழ், தெலுங்குப் படங்கள் பெரும்பாலும் தளத்தில் கிடைக்கும் ஒலியை 'பைலட் டிராக்' என்று வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, பின்னர் டப்பிங் தியேட்டரில் குரலைச் சேர்ப்பவை.

இரு மொழிகளிலும் ஒரே சமயத்தில் எடுத்தால் வேலை கூடும். லாங் ஷாட்டில் உதடு தெரியாது; ஒரு டேக் இரண்டு மொழிக்கும் போதும். குளோஸில் உதடு தெரியும். தெலுங்குக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என்று தனித்தனி டேக் வேண்டும். 'நான் ஈ'யின் தமிழ் வசனத்தை கிரேஸி மோகன் எழுதினார். தமிழுக்கென்று சந்தானமும் சேர்ந்தார்.

ஒரு மொழியில் மட்டும் எடுத்த படத்தை இன்னொரு மொழிக்கு டப் செய்யும்போது வசனகர்த்தாவின் முதல் கவலை அர்த்தம் அல்ல, உதடு. உதடுகள் இரண்டும் சேரும்போது பிறப்பவை பகரமும் மகரமும் என்று தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்திருக்கிறது. உதடு ஒட்டாத எழுத்துகளை மட்டும் வைத்து ஓர் அந்தாதியே பாடியவர் சிவப்பிரகாச சுவாமிகள். நிரோட்டகம் என்று அதற்குப் பெயர். புலவர்கள் விளையாட்டாகச் செய்ததை டப்பிங் எழுத்தாளர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறார். நடிகரின் உதடு மூடும் இடத்தில் ப, ம வர வேண்டும். திறந்தே இருக்கும் இடத்தில் அவை வரக் கூடாது. இந்த விதி தவறும்போதுதான் 'டப்பிங் படம்' என்று ரசிகன் முகம் சுளிக்கிறான்.

உதடே இல்லாத நாயகனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அவனுடைய ஒரே குரல் ரீங்காரம். திரையில் தெரியாதபோதும் ஈ இருக்கிறது என்று சொல்ல அது ஒன்றுதான் வழி. தூங்கப் போனவன் காதருகே ரீங்காரம் நெருங்குகிறது, விலகுகிறது, சட்டென்று நிற்கிறது. நிற்கும்போதுதான் பயம் அதிகம், எங்கேயோ உட்கார்ந்துவிட்டது! இப்படி எங்கே சத்தம், எங்கே நிசப்தம் என்று பங்கிட்டுக் கொடுப்பது ஒலி வடிவமைப்பு. அதற்கு மேல் வருவது ஆர்.ஆர். கீரவாணி – தமிழ் ரசிகர்களுக்கு மரகதமணி – அமைத்த இசை, வசனமில்லாத நாயகனின் மனத்தைச் சொல்லும் வேலையையும் சேர்த்துப் பார்த்தது.

திட்டம் இருந்தால் பச்சைத் துணி

'நான் ஈ'க்குப் பிறகு இதே குழுவின் முக்கியமானவர்கள் 'பாகுபலி'க்குப் போனார்கள். ராஜமௌலி, செந்தில்குமார், படத்தொகுப்பாளர் கோட்டகிரி வெங்கடேஸ்வர ராவ், கீரவாணி எல்லாரும் அதில் இருந்தார்கள். 2015-லும் 2017-லும் வெளிவந்த அதன் இரண்டு பாகங்களும் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுக்கப்பட்டவை. ராமோஜி ஃபிலிம் சிட்டியில் சாபு சிரில் எழுப்பிய மகிழ்மதி அரங்கைச் சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். பிரம்மாண்டம் என்றால் ஹைதராபாத் என்று பெயராகிவிட்டது.

அந்தப் பெயரில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பச்சைத் துணியைக் கட்டி எடுத்துவிடலாம், மீதியை கிராஃபிக்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு எந்தப் படவுலகையும் எளிதில் தொற்றிக்கொள்ளும். தளத்தில் ஐந்து நிமிடத்தில் திருத்தியிருக்கக்கூடிய லுக்கைக் கம்ப்யூட்டரில் திருத்த வாரக்கணக்கில் ஆகும். லென்ஸும் விளக்கும் குறித்துவைக்கப்படாத ஷாட்டில் எந்த மகாமேதை வரைந்த உருவமும் ஒட்டாது. கடன் வாங்கிப் படமெடுப்பவருக்கு அந்த வாரங்கள் வட்டியாக ஏறும். கடைசியில் தியேட்டரில் ரசிகன் சொல்வது ஒரே வார்த்தை: 'பொம்மை மாதிரி இருக்கு.' ஈயை மனிதனாக்கிய ஊரில் மனிதர்கள் பொம்மைகளாகத் தெரிந்தால் குற்றம் கருவியுடையது ஆகாது.

கருவியோ இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. கிருஷ்ணா நகரிலும் சாலிகிராமத்திலும் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இளைஞரின் செல்போன் 24 ஃபிரேமிலும் எடுக்கும். பல போன்கள் 240-லும் எடுக்கும். ஆயிரம் அடி டப்பா தீர்ந்துவிடும் என்ற பயம் அவருக்கு இல்லை. ஆனால் கேமராவைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பது, எப்போது அருகே போவது, எந்த நொடியில் வெட்டுவது என்பதைப் போன் சொல்லித்தராது. அதைப் படங்களிடமிருந்துதான் கற்க வேண்டும்.

கற்பதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. 'நான் ஈ' அடுத்த முறை டி.வி.யில் வரும்போது ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பார்க்கலாம். வசனம், இசை, ரீங்காரம் எதுவும் இல்லாதபோது கண்ணில் படுவது ஷாட்களின் வரிசை மட்டுமே. சுதீப்பின் கண் எந்தப் பக்கம் திரும்புகிறது, அடுத்த ஷாட்டில் ஈ எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கவனித்தால் போதும். கதை அப்போதும் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். புரிந்தால், புரியவைத்தது அந்த வரிசைதான்.